விழித்திரைக்கு அடியில் முளைக்கும் ரத்தக்குழாய்கள்: நேர்கோடு ஏன் வளைந்து தெரிகிறது?

கதவு நிலை, ஜன்னல் கம்பி, நோட்டுப் புத்தகக் கோடு இவற்றில் எதுவானாலும், ஒரு கண்ணுக்கு மட்டும் திடீரென்று நெளிந்து தெரிய ஆரம்பித்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். அது பவர் மாறியதால் வருவது அல்ல. கண்புரை என்று நினைத்து, முற்றட்டும் எனக் காத்திருப்பதும் தவறு. கண்புரை பார்வையை மங்கலாக்கும், எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சிதறடிக்கும். ஆனால் கம்பியை நெளிய வைக்காது. நெளிவு வருகிறது என்றால் விழித்திரையின் நடுப்பகுதி தட்டையாக இல்லை என்று பொருள். அதற்கான காரணங்களில் அவசரமானது, விழித்திரைக்கு அடியில் இருக்கக் கூடாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிவது.

இந்த நோய்க்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. ஆனால் அந்த மருந்து கசிவை நிறுத்துகிறதே தவிர, முளைத்த குழாயைப் பிடுங்கி எறிவதில்லை. ஏன் சீக்கிரம் போக வேண்டும், ஏன் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள், ‘இப்போது நன்றாகத்தானே தெரிகிறது’ என்று நடுவில் நிறுத்தியவர்கள் ஏன் பார்வையை இழக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இதிலேயே இருக்கிறது.

அடியில் என்ன இருக்கிறது

கண்ணின் பின்சுவரை உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பார்த்தால் முதலில் விழித்திரை. ஒளியை உணரும் கூம்புச் செல்களும் குச்சிச் செல்களும் அதன் அடிப்பக்கத்தில் அமைந்திருக்கின்றன. அவற்றுக்கு அடியில் ஒற்றைச் செல் தடிமனில் நிறமிப் படலம். அதற்கும் அடியில் புரூக் சவ்வு. அதன் தடிமன் 2 முதல் 4 மைக்ரான் மட்டுமே. ஒரு மில்லிமீட்டரை 300 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அதற்கும் வெளியே, ஏறக்குறைய முழுவதும் ரத்தக்குழாய்களாலேயே ஆன கோராய்டு. கண்ணுக்கு வரும் ரத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த அடுக்கின் வழியாகத்தான் ஓடுகிறது.

விழித்திரையின் நடுவே 5 மி.மீ. சொச்சம் அகலமுள்ள வட்டம் மாகுலா. எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் இந்த வட்டத்தின் வேலை. இதன் மையமான ஃபோவியாவில் விழித்திரைக்குச் சொந்தமான ரத்தக்குழாய் ஒன்றுகூட இல்லை. ஒளியின் பாதையில் எதுவும் குறுக்கே வராதபடி அந்த இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. ஆகவே மிகக் கூர்மையாகப் பார்க்கும் அந்தப் புள்ளி, ஆக்சிஜனுக்கும் உணவுக்கும் முழுக்க முழுக்கக் கீழே உள்ள கோராய்டையே நம்பியிருக்கிறது. இடையில் இருக்கும் சவ்வும் படலமும் கெட்டால் முதலில் அடிவாங்குவதும் அதுதான்.

ஒளி உணரும் செல்கள் ஒவ்வொரு நாளும் தம் நுனியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உதிர்க்கின்றன. உதிர்ந்ததை விழுங்கிச் செரிப்பது நிறமிப் படலத்தின் வேலை. அறுபது, எழுபது ஆண்டுகள் ஓயாமல் நடக்கும் வேலை இது. வயது ஏற ஏறச் செரிக்காத கழிவு நிறமிப் படலத்துக்கும் புரூக் சவ்வுக்கும் இடையில் மஞ்சள் திட்டுகளாகப் படிகிறது. டாக்டர்கள் இவற்றை டுரூசன் என்பார்கள். சிறிய டுரூசன் வயதானவர்கள் பலருக்கும் உண்டு, அதனால் பயமில்லை. 125 மைக்ரானுக்கு மேல் அகலமான டுரூசன்தான் எச்சரிக்கை.

கழிவு படிந்த சவ்வு தடித்து, விறைத்து, இடையிடையே விரிசல் விடுகிறது. மூச்சுமுட்டும் நிறமிப் படலம் வெஜ்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. ‘இங்கே ரத்தம் போதவில்லை, புதுக் குழாய் வேண்டும்’ என்று உடலுக்குச் சொல்லும் வேதிச் செய்தி அது. கருவில் உறுப்புகள் வளரவும் காயம் ஆறவும் இதே புரதம் அவசியம். இங்கே தவறான இடத்தில் வேலை செய்கிறது. கோராய்டிலிருந்து மெல்லிய குழாய்கள் கிளம்பி, புரூக் சவ்வின் விரிசல் வழியாக மேலே ஏறுகின்றன. காரைச் சுவரின் விரிசலில் அரசங்கன்று முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே தெரியும் தழையைக் கிள்ளினாலும் வேர் சுவருக்குள்தான் இருக்கும்.

இந்தக் குழாய்கள் நிறமிப் படலத்துக்குக் கீழேயே படர்ந்தால் முதல் வகை. படலத்தைத் துளைத்து அதற்கும் விழித்திரைக்கும் நடுவே வந்துவிட்டால் இரண்டாம் வகை. இதில் பார்வை வேகமாகக் குறையும். விழித்திரைக்குள்ளேயே தொடங்கிக் கீழ்நோக்கி இறங்குவது மூன்றாம் வகை. முதல் வகை மெதுவாக வளர்வதால் நோயாளிக்குத் தெரியாமலேயே மாதக்கணக்கில் இருக்கலாம்.

அவசரத்தில் கட்டிய புதுக் குழாய்க்குச் சுவர் உறுதி கிடையாது. முதலில் நீர் கசியும். நீர் தேங்கிய இடத்தில் விழித்திரை உப்பி, ஒளி உணரும் செல்கள் தம் இடத்திலிருந்து நகர்கின்றன. ஆனால் மூளை அவை பழைய இடத்தில் இருப்பதாகவே கணக்குப் போடுகிறது. நேர்கோடு வளைந்து தெரிவது இதனால்தான். குழாய் வெடித்தால் ரத்தம் கசியும். ஒரே இரவில் நடுவே கறுப்புத் திட்டு விழுந்தது என்று வருபவர்களின் கண்ணில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். சிகிச்சை இல்லாமல் விட்டால் குழாய்களைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து தழும்பாகிறது. நீர் வற்றும், ரத்தம் கரையும், தழும்பு போகாது. தழும்பின் மேல் இருந்த செல்கள் திரும்ப வருவதில்லை. நீராக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஒரு ஆறுதல்: இந்த நோய் மட்டும் முழு இருட்டைக் கொண்டுவருவது அரிது. நடுப்பார்வை போனாலும் ஓரப்பார்வை பெரும்பாலும் நிற்கும்.

யாருக்கு வருகிறது

வயது சார்ந்த மாகுலா சிதைவுதான் முதல் காரணம். இதில் உலர் வகை, ஈர வகை என இரண்டு உண்டு. புதுக் குழாய் முளைத்துக் கசிவது ஈர வகை. மொத்த நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கே ஈர வகை என்றாலும், ஊசி மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் இந்த நோயால் பார்வையைப் பெரிதாக இழந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் இந்த வகையினர். வயதையும் பிறவிக்கூறையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியவற்றில் முதலிடம் பீடி, சிகரெட்டுக்கு. புகைப்பவருக்கு ஆபத்து இரண்டிலிருந்து நான்கு மடங்கு அதிகம்.

நம் ஊர் வாசகர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது பாலிபாய்டல் நோய். டாக்டர்கள் சுருக்கமாகப் பி.சி.வி. என்பார்கள். இதில் கோராய்டிலிருந்து கிளம்பும் குழாய்க் கிளைகளின் நுனியில் செம்மஞ்சள் நிறக் குமிழ்கள் உருவாகின்றன. அமெரிக்காவில் லாரன்ஸ் யானுஸி 1980களில் இதை விவரித்தபோது அபூர்வமான நோயாகத்தான் தோன்றியது. பிறகு ஆசியாவில் தேடிப் பார்த்தபோது, ஈர மாகுலா என்று எழுதப்பட்டிருந்தவர்களில் கால்வாசிப் பேர் முதல், சில ஆய்வுகளில் அறுபது சதவீதம் வரை, உண்மையில் இந்த நோய்க்காரர்களாக இருந்தார்கள். வயது கொஞ்சம் முன்னதாகவே, ஐம்பதுகளிலேயே வரலாம். டுரூசன் இல்லாமலும் வரும். குமிழ் வெடித்தால் ரத்தக்கசிவு பெரிதாக இருக்கும். ஊசிக்கு மட்டும் சரியாக மசியாத கண்களில் இது மறைந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அதற்குத் தனிச் சோதனை உண்டு, கீழே சொல்கிறோம்.

மூன்றாவது, அதிகக் கிட்டப்பார்வை. மைனஸ் 6-க்கு மேல் பவர், கண்ணின் நீளம் 26 மி.மீ.க்கு மேல் என்றால் பின்சுவர் இழுபட்டு மெலிகிறது. புரூக் சவ்வில் கீறல்கள் விழுகின்றன, அதன் வழியே குழாய் முளைக்கிறது. இது இருபது, முப்பது வயதிலும் வரும். ‘சின்ன வயசு, கண்ணில் என்ன வரப்போகிறது’ என்று நினைத்துக் கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது இவர்களிடம் அடிக்கடி நடக்கும் தவறு. இந்தக் குழாய் சிறியது, கசிவும் குறைவு. ஸ்கேனில் நீர் அதிகம் தெரியாததால் கவனமின்றிப் பார்த்தால் தவறவிடவும் கூடும். நல்ல செய்தி, இவர்களில் பலருக்கு ஓரிரண்டு ஊசியிலேயே அடங்கிவிடுகிறது. பவர் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். லேசர் முன்பக்கத்தின் வளைவை மாற்றியதே தவிர, கண்ணின் நீளத்தைக் குறைக்கவில்லை.

மற்றவை அரிது. பிறவிக் குறைபாட்டால் புரூக் சவ்வில் சுண்ணாம்புச் சத்து படிந்து வெடிப்பு விடுபவர்கள் உண்டு. கழுத்திலும் அக்குளிலும் மஞ்சள் நிறச் சிறு புடைப்புகள் இருந்தால் கண்ணையும் காட்ட வேண்டும், லேசான அடி பட்டாலும் இவர்களுக்குக் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். கிரிக்கெட் பந்து, பட்டாசு ஆகியவற்றால் அடிபட்டுக் கோராய்டு கிழிந்தவர்களுக்குச் சில மாதங்கள் கழித்தும்கூட அந்தக் கிழிசலில் குழாய் முளைக்கலாம். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் தொற்று விட்டுப்போன பழைய தழும்பின் ஓரத்திலும் வரும்.

இரண்டு நோய்களை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. சர்க்கரை நோயில் முளைக்கும் புதுக் குழாய்கள் விழித்திரைக்கு மேலே, கண்ணின் உட்பக்கம் வளர்பவை. அங்கே காரணமும் வேறு, லேசர் சிகிச்சைக்கும் இன்னும் முக்கிய இடம் உண்டு. இன்னொன்று, முப்பது முதல் ஐம்பது வயது ஆண்களிடம் அதிகம் காணப்படும் சென்ட்ரல் சீரஸ் நோய். இதிலும் விழித்திரைக்கு அடியில் நீர் தேங்கும், கோடு வளையும். ஆனால் பெரும்பாலும் புதுக் குழாய் இருக்காது, சில மாதங்களில் தானாகவே வற்றிவிடும். ஸ்டீராய்டு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், மூட்டு ஊசி, தோலுக்குத் தடவும் ஸ்டீராய்டு களிம்பு எதுவாக இருந்தாலும் கண் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இந்த நோயில் ஸ்டீராய்டு, எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போல. அதே நேரம், வேறு நோய்க்குக் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

வீட்டில் செய்யும் சோதனை

சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் வகுத்த கட்டச் சோதனை இது. வெள்ளைத் தாளில் 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரையுங்கள். 5 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டால் 400 சிறு கட்டங்கள் கிடைக்கும். நடுவில் கறுப்புப் புள்ளி ஒன்று. தாளை 30 செ.மீ. தூரத்தில் பிடிக்க வேண்டும். அந்தத் தூரத்தில் ஒவ்வொரு கட்டமும் பார்வையில் ஏறத்தாழ ஒரு டிகிரி.

படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், விரலால் அழுத்தாமல். திறந்த கண்ணால் நடுப்புள்ளியை மட்டும் பாருங்கள். புள்ளி தெரிகிறதா, நான்கு மூலைகளும் தெரிகின்றனவா, எந்தக் கோடாவது நெளிகிறதா, எந்தக் கட்டமாவது காணாமல் போகிறதா? பிறகு அடுத்த கண்.

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்ப்பதுதான் இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு. நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். ஒரு கண் போய்ப் பல மாதமாகியும் தெரியாமல் இருந்தவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். இன்னொரு தவறு, புள்ளியை விட்டுவிட்டுக் கண்ணை அலையவிட்டு ஒவ்வொரு கோடாகச் சரிபார்ப்பது. ஏற்கெனவே நெளிவு இருப்பவர்கள் நெளியும் இடத்தைப் பென்சிலால் குறித்துத் தேதி போட்டு வையுங்கள்; முன்பைவிடப் பெருகியதா என்பதுதான் டாக்டருக்குத் தேவை. பெரிய டுரூசன் இருப்பவர்கள், ஒரு கண்ணில் ஏற்கெனவே நோய் வந்தவர்கள், அதிகக் கிட்டப்பார்வைக்காரர்கள் வாரம் ஒருமுறையாவது இதைச் செய்வது நல்லது. கட்டம் சரியாகத் தெரிந்தால் நோயே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் புதிதாக நெளிந்தால் அந்த வாரத்துக்குள் விழித்திரை மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போது ‘பார்வை மங்கல்’ என்று சொல்லாதீர்கள், ‘நேர்கோடு புதிதாக வளைந்து தெரிகிறது, ஒரு கண்ணில்’ என்று சொல்லுங்கள். மங்கல் என்றால் இரண்டு மாதம் தள்ளிக்கூடத் தேதி கிடைக்கலாம்.

ஆஸ்பத்திரியில் என்ன பார்ப்பார்கள்

கண்மணியை (கண் பாப்பாவை) விரிக்கும் சொட்டு மருந்து போட்டு உள்ளே பார்ப்பார்கள். சில மணி நேரம் எழுத்து தெரியாது, வெயில் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

முக்கியமான சோதனை ஓசிடி ஸ்கேன். 1991-இல் அமெரிக்காவில் அறிமுகமான முறை. ஊசி இல்லை, வலி இல்லை, ஐந்து நிமிடத்தில் விழித்திரையின் குறுக்குவெட்டு சில மைக்ரான் நுணுக்கத்தில் தெரிந்துவிடும். ரிப்போர்ட்டில் மூன்று சுருக்கெழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். ஐ.ஆர்.எஃப். என்றால் விழித்திரைக்கு உள்ளே நீர். பார்வைக்கு அதிகக் கெடுதல் செய்வது இது. எஸ்.ஆர்.எஃப். என்றால் விழித்திரைக்கும் நிறமிப் படலத்துக்கும் நடுவே நீர். பி.இ.டி. என்றால் நிறமிப் படலமே அடியிலிருந்து தூக்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய ஸ்கேனைக் கையில் கொண்டுபோங்கள். ஒரு படத்தைவிட இரண்டு படங்களுக்கு இடையிலான மாற்றம்தான் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

முதல் முறை நோயை உறுதிசெய்யக் கை நரம்பில் டை (சாய மருந்து) ஏற்றிப் படம் எடுக்கலாம். ஃபுளோரசின் டை போட்டால் குமட்டல் வரலாம், ஒரு நாள் தோல் மஞ்சளாகவும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகவும் இருக்கும். மஞ்சள் காமாலை என்று பதற வேண்டாம். கடுமையான அலர்ஜி மிக அரிது, ஆனால் உண்டு. முன்பு எந்த மருந்துக்காவது அலர்ஜி வந்திருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். பி.சி.வி. சந்தேகம் என்றால் ஐ.சி.ஜி. என்ற பச்சை டை தேவைப்படும். நிறமிப் படலத்துக்கு அடியில் இருக்கும் குமிழ்களை அதுதான் தெளிவாகக் காட்டும். இதில் அயோடின் கலந்திருப்பதால் அயோடின் அலர்ஜி உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். டை இல்லாமலே ரத்த ஓட்டத்தைப் படமாக்கும் ஓசிடி ஆஞ்சியோ இப்போது பல இடங்களில் வந்துவிட்டது. அது குழாயின் வடிவத்தைக் காட்டும், கசிவைக் காட்டாது.

ஊசி மருந்து எதைச் செய்கிறது

1980களில் இருந்த ஒரே வழி, குழாயை லேசரால் சுட்டுவிடுவது. குழாயோடு அதற்கு மேலிருந்த விழித்திரையும் சேர்ந்து எரிந்தது. 2000-இல் வெர்டிபோர்ஃபின் என்ற மருந்தைக் கையில் ஏற்றி, 689 நானோமீட்டர் அலைநீள ஒளியை 83 நொடி பாய்ச்சும் குளிர் லேசர் வந்தது. பார்வை குறைவதை அது தாமதப்படுத்தியது, பெரும்பாலும் மீட்டுத் தரவில்லை.

வெஜ்எஃப் புரதத்தை 1989-இல் நெப்போலியோனே ஃபெராராவின் குழு பிரித்தெடுத்ததிலிருந்துதான் கதை மாறியது. அதைத் தடுக்கும் ரானிபிசுமாப் 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே ஆண்டு வெளியான மரீனா ஆய்வில், மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் பார்வையைப் பெரிதாக இழக்கவில்லை. ஊசி போடாதவர்களில் அந்த எண்ணிக்கை 62 சதவீதம். அரை மி.கி. ஊசி பெற்றவர்களில் மூன்றில் ஒருவர் எழுத்துப் பலகையில் மூன்று வரி கூடுதலாகப் படித்தார்கள். அதுவரை இந்த நோயில் யாரும் கண்டிராத முடிவு அது.

பெவாசிசுமாப் குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து. அவாஸ்டின் என்ற பெயரில் அதிகம் தெரியும். பெரிய குப்பியிலிருந்து 1.25 மி.கி. வீதம் சிறு சிரிஞ்சுகளில் பிரித்துக் கண்ணுக்குப் போடுகிறார்கள். 2011-இல் வெளியான கேட் ஆய்வு, பார்வையைப் பொறுத்தவரை இது ரானிபிசுமாப்புக்குச் சமம் என்று காட்டியது. விலையோ பல மடங்கு குறைவு. இதில் கவனிக்க வேண்டியது மருந்தை அல்ல, பிரிக்கும் இடத்தை. சுத்தமான அறையில் முறையாகப் பிரிக்கவில்லை என்றால் ஒரு குப்பியிலிருந்து பல கண்களுக்கு ஒரே நாளில் தொற்று போய்விடும். எங்கே பிரிக்கப்பட்டது என்று கேட்பது நோயாளியின் உரிமை. அஃப்லிபெர்செப்ட் 2011-இலும் ஃபாரிசிமாப் 2022-இலும் வந்தன. இவற்றில் இடைவெளியைக் கூடுதலாக நீட்ட முடிகிறது. 2019-இல் வந்த புரோலுசிசுமாப் நன்றாக வற்ற வைக்கும். ஆனால் சிலருக்குக் கண்ணுக்குள் அழற்சி வந்து விழித்திரை ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் மருத்துவர்கள் தயங்கித்தான் எடுக்கிறார்கள். இந்தியாவில் 2015-இல் ரேசுமாப் என்ற பெயரில் ரானிபிசுமாப்பின் நகல் உயிரி மருந்து வந்தது; உலகில் அந்த மருந்துக்கு வந்த முதல் நகல் அதுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது? விலை உயர்ந்த மருந்தை இரண்டு முறை போட்டுவிட்டுப் பணமில்லாமல் நிறுத்துவதைவிட, விலை குறைந்ததை இரண்டு ஆண்டு தவறாமல் போடுவது கண்ணுக்கு நல்லது. முதல் ஊசிக்கு முன்பே ஓராண்டுச் செலவைக் கணக்குப் போட்டுக் கேளுங்கள். காப்பீடு இருந்தால் எத்தனை ஊசி வரை தருவார்கள் என்பதையும்.

வழக்கமான முறை இது: முதல் மூன்று மாதம் மாதம் ஒன்று. நீர் வற்றியதும் இடைவெளியை இரண்டிரண்டு வாரமாக நீட்டுவார்கள்: 6, 8, 10, 12. நீர் திரும்பினால் ஒரு படி பின்வாங்குவார்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் அதன் இடைவெளி தனி.

பி.சி.வி.யில் ஊசியோடு குளிர் லேசரையும் சேர்ப்பது உண்டு. ஆசியர்களிடம் நடந்த எவரெஸ்ட்-2 ஆய்வில், ஓராண்டில் இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 69 சதவீதம் பேருக்குக் குமிழ்கள் முழுவதும் மூடின. ரானிபிசுமாப் மட்டும் பெற்றவர்களில் 35 சதவீதம். லேசருக்குப் பின் சில நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது, தோல் வெந்துவிடும்.

ஊசி போடும் நாள்

கண்ணில் ஊசி என்றதும் வரும் பயம் இயல்பானது. மரத்துப்போகும் சொட்டு மருந்து போடுவார்கள். இமையையும் கண்ணையும் போவிடோன் அயோடினால் கழுவுவார்கள். கண்ணுக்குள் விடுவது 5 சதவீதக் கரைசல். தொற்றைத் தடுப்பதில் இதைவிட முக்கியமான படி இல்லை, எரிச்சலும் இதனால்தான். இமையை விலக்கிப் பிடிக்கக் கம்பி வைத்து, கருவிழியின் ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மி.மீ. தள்ளி வெள்ளைப் பகுதியில், ஏறத்தாழ 0.3 மி.மீ. கனமே உள்ள 30 கேஜ் ஊசியால் 0.05 மி.லி. மருந்தைச் செலுத்துவார்கள். ஊசி உள்ளே இருப்பது சில நொடிகள். அழுத்தம் தெரியும், கூர்மையான வலி பெரும்பாலும் இருக்காது. உடனே கைவிரலை எண்ணச் சொல்வார்கள். கண்ணின் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. ஊசி போடும்போது மட்டும் பேசக் கூடாது. வாயிலிருந்து தெறிக்கும் கிருமி கண்ணுக்கு மிகவும் கெடுதல்.

இமையில் கட்டி, கண்ணில் பீளை இருந்தால் அன்று ஊசி போடக் கூடாது. சமீபத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வந்திருந்தாலும் கர்ப்பமாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆஸ்பிரின் முதலான ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

வெள்ளைப் பகுதியில் ரத்தச் சிவப்பு படர்ந்தால் பயப்படாதீர்கள், ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். கறுப்பு வட்டங்கள் மிதப்பது காற்றுக் குமிழ், ஓரிரு நாளில் மறையும். அன்றிரவு மணல் விழுந்தாற்போல உறுத்துவது அயோடின். மறுநாள் குறைய வேண்டியது குறையாமல், இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வலி கூடி, சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல், பார்வை இறங்கினால் அது கண்ணுக்குள் தொற்று. சில ஆயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும். வந்தால் மணிக்கணக்கு முக்கியம். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் இரவு என்றாலும் உடனே போங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள். மின்னல் வெட்டுவதும் ஓரத்திலிருந்து திரை விழுவதும் விழித்திரை கழன்றதற்கான அறிகுறி. அதற்கும் அதே அவசரம்.

எங்கே தவறுகிறது

பெரும்பாலான இழப்புக்குக் காரணம் மருந்து தோற்பது அல்ல, வருகை விட்டுப்போவது. ஆரம்பகால ரானிபிசுமாப் ஆய்வுகளில் நல்ல பலன் பெற்றவர்களையே ஏழு ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தது செவன்-அப் ஆய்வு. ஆய்வுக் கட்டம் முடிந்த பிறகு அவர்களுக்குக் கிடைத்த ஊசிகள் மிகக் குறைவு. மூன்றில் ஒருவர், சிகிச்சை தொடங்கும் முன் இருந்ததைவிட மூன்று வரியோ அதற்கு மேலோ இழந்திருந்தார்கள். கசிவு நின்றதே தவிர வேர் அங்கேயே இருந்தது.

மூன்று ஊசிக்குப் பிறகும் நீர் வற்றவில்லை என்றால் மருந்தை மாற்றும் முன் நோயைத் திரும்பப் பார்க்க வேண்டும். பி.சி.வி.யா, சென்ட்ரல் சீரஸா, இடைவெளிதான் அதிகமோ? ஸ்கேன் காய்ந்திருந்தும் பார்வை ஏறவில்லை என்றால் தழும்போ செல் இழப்போ ஏற்கெனவே ஆகியிருக்கலாம். அப்போது ஊசி இருப்பதைக் காக்கும், போனதைத் தராது. மூக்குக் கண்ணாடி மாற்றுவதும் கண்புரை ஆபரேஷனும் அந்தக் கண்ணில் ஓரளவுக்கே உதவும். அதனால்தான் புரை ஆபரேஷனுக்கு முன் ஓர் ஓசிடி எடுத்துவிடுவது நல்லது.

மறு கண்ணை மறக்காதீர்கள். நடுத்தர நிலை டுரூசன் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் முற்றிய நோய் இருப்பவர்களுக்கும் ஏரெட்ஸ்-2 என்ற ஆய்வில் வகுத்த அளவிலான மாத்திரை உதவும்: வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 யூனிட், துத்தநாகம் 80 மி.கி., செம்பு 2 மி.கி., லூட்டின் 10 மி.கி., சியாசாந்தின் 2 மி.கி. இது நோயை ஆற்றுவதில்லை, முற்றும் வாய்ப்பைக் குறைக்கிறது. முதல் ஏரெட்ஸ் ஆய்வில் ஐந்தாண்டில் கால்பங்கு அளவுக்குக் குறைத்தது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கும் நோயே இல்லாதவர்களுக்கும் பயனில்லை. புகைப்பவர்களும் புகைத்து விட்டவர்களும் பீட்டா கரோட்டின் கலந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். கடையில் ‘கண் வைட்டமின்’ என்று விற்பவற்றில் பலவற்றில் இந்த அளவுகள் இருப்பதில்லை, அட்டையைத் திருப்பிப் படித்து வாங்குங்கள்.

இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை குறைந்துவிட்டால் பார்வைக்குறை உதவிப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். விளக்கோடு கூடிய உருப்பெருக்கி, செல்போனில் எழுத்தைப் பெரிதாக்குவது, எழுத்தைக் குரலாக்கும் வசதி, சற்றுப் பக்கவாட்டில் பார்த்து முகத்தை அறியும் பயிற்சி ஆகியவை அன்றாட வாழ்வை மீட்டுத் தரும்.

இவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும்: சிறு மனிதர்கள், பூ வேலைப்பாடு, சுவரெல்லாம் கட்டங்கள். இதற்குச் சார்லஸ் பானே நோய்க்குறி என்று பெயர். கண்ணிலிருந்து செய்தி குறையும்போது மூளை தானாகவே படம் போடுகிறது, அவ்வளவுதான். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பல பெரியவர்கள் வாயே திறப்பதில்லை. வீட்டிலிருப்பவர்கள் தாமாகவே கேட்க வேண்டும். விளக்கைப் போட்டால், கண்ணை இடமும் வலமும் சில முறை வேகமாக அசைத்தால் உருவங்கள் பெரும்பாலும் கலைந்துவிடும். உருவத்தோடு குரலும் கேட்கிறது என்றால், அல்லது அது உண்மைதான் என்று அவர் நம்புகிறார் என்றால், அது வேறு பிரச்சினை; நரம்பியல் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பார்க்க வேண்டும்.